ஒன்பது பைகளும் ஒரு சரிபார்ப்பு அட்டையும்

அமெரிக்காவில் வயதைப் பற்றிக் கூசாமல் பொய்சொல்லும் தொழில்கள் இரண்டு உண்டு. ஒன்று, பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர். மற்றது, பேஸ்பால் அட்டை. முதலாவதில், பதினாறு வயது என்று சொல்லப்படுபவர்கள் வாடகையும் வருமான வரியும் பல ஆண்டுகளாகக் கட்டிவரும் முகத்தோடு வகுப்பறையில் அமர்ந்திருப்பார்கள். இரண்டாவதில், பின்பக்கத்துப் பிறந்த தேதியைக் கணக்கிட்டால் இருபத்துமூன்று வயதே ஆகும் இளைஞர், முன்பக்கத்தில் தடித்த மீசையும் வெயிலுக்குச் சுருங்கிய கண்களுமாக, பெண்ணுக்கு வரன் பார்க்கக் கிளம்பிய தகப்பனாரைப் போல நிற்பார்.

இவ்விரு தொழில்களுக்கும் இடையே உறவு உண்டா என்று யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. நானும் என் மகனும் ஒரு குளிர்காலம் முழுக்க ஆராய்ந்தோம். ஆய்வின் முடிவுகளை இங்கே பதிவு செய்கிறேன். பல்கலைக்கழகம் எதுவும் இதற்குப் பட்டம் தராது என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

பேஸ்பால் அட்டை என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சுருக்கமாக ஓர் அறிமுகம். தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்த தலைமுறைக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அங்கே தீப்பெட்டி; இங்கே முதலில் சிகரெட் பெட்டி, பிறகு பபிள்கம் பொட்டலம். உள்ளங்கையளவு அட்டையின் முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவருடைய கணக்கு: எத்தனை ஆட்டம், எத்தனை ஓட்டம், மட்டையடி சராசரி என்ன. டாப்ஸ் என்ற நிறுவனம் 1952இல் வெளியிட்ட தொகுப்பு இன்றைய அட்டையின் வடிவத்தைத் தீர்மானித்தது. வெகுகாலம் வரை பொட்டலத்தில் அட்டைகளோடு ஒரு தகடு பபிள்கம்மும் இருந்தது. அது அட்டையில் கறை படிய வைக்கிறது என்று சேகரிப்பாளர்கள் முறையிட, 1990களின் தொடக்கத்தில் டாப்ஸ் அதை நீக்கியது. சிறுவர்களுக்காகப் பிறந்த பொருளிலிருந்து சிறுவர்களுக்கான பகுதியைப் பெரியவர்கள் அகற்றினார்கள் என்று இதை வாசிக்கலாம்.

எங்கள் வீட்டில் இந்த அட்டைகள் வந்த வழி எளியது. தெருக்கோடியிலிருந்த பெரியவர் வீட்டை விற்றுவிட்டுத் தென்பகுதிக்குக் குடிபெயர்ந்தபோது கராஜ் சேல் வைத்தார். இட்லித் தட்டுக்கு மூடியாகக்கூடிய ஒரு பாத்திரத்தைத் தேடிப் போன நான், ஐந்து டாலருக்கு ஒரு ஷூ பெட்டி நிறைய அட்டைகளை வாங்கி வந்தேன். பெரும்பாலானவை 1980களின் பிற்பகுதியில் அச்சானவை. அக்காலத்தில் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வரைமுறையின்றி அச்சடித்துத் தள்ளியதால் இன்று அவற்றுக்கு விலையே இல்லை. சேகரிப்பாளர்கள் அந்தக் காலகட்டத்தையே குப்பை மெழுகுக் காலம் என்கிறார்கள். பொட்டலம் மெழுகுத்தாளில் இருந்ததால் மெழுகு. மற்றச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

மகனுக்கு அப்போது பதினேழு வயது. அந்த வசந்தத்தில் பள்ளியின் பேஸ்பால் அணிக்குத் தேர்வானவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை. எட்டு வயதிலிருந்து ஆடியவன். பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தவன் கையுறையை அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். அதன்பின் வீட்டில் அவனுடைய சொற்களின் எண்ணிக்கை நாளொன்றுக்குப் பத்துக்குள் அடங்கியது. “பசிக்கல”, “தெரியல”, “ஓகே” ஆகியவற்றைக் கழித்தால் மிச்சம் அதிகமில்லை. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. நான்காம் வாரம் மூடி திறந்திருந்தது.

தொலைக்காட்சித் தொடர்கள் என் பங்கு. 1999இல் கணவரின் வேலை விசாவைச் சார்ந்து நியூஜெர்ஸிக்கு வந்தேன். அந்த விசாவில் வந்த மனைவிக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. (அவ்வாறு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த அனுமதி கிடைத்தது 2015இல்.) முதுகலைப் பட்டத்தைத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, பகல் முழுதும் மறு ஒளிபரப்புகளைப் பார்த்தேன். இந்த நாட்டின் பேச்சும் சண்டையும் சமாதானமும் எனக்குப் பழகியது பெவர்லி ஹில்ஸ் பள்ளியிலும், டாசனின் ஓடைக்கரையிலும்தான். நூலகத்தில் அட்டைக்காரியாகச் சேர்ந்த பிறகு பழைய தொடர்களின் குறுந்தட்டுகளையும் கொண்டுவந்து பார்த்தேன். இன்னொருவரின் பள்ளிப்பருவத்தை முப்பது வயதில் இரவல் வாங்கி வாழ்ந்தவள் என்று என்னைச் சொல்லலாம்.

ஆக, அட்டைகளை அறிந்தவன் ஒருவன். தொடர்களை அறிந்தவள் ஒருத்தி. ஒருநாள் அவன் தோள்வழியே எட்டிப் பார்த்து, ஓர் ஆட்டக்காரரைச் சுட்டி, “இவரு அப்படியே டிலன் மெக்கே மாதிரி இருக்காருடா” என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். அடுத்து அவன் பேசியது, பல மாதங்களில் என்னிடம் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம்: “அம்மா, மூஞ்சியப் பாத்துச் சேக்கக்கூடாது, லைஃபப் பாத்துத்தான் சேக்கணும், இல்லேன்னா இதுல ஒரு அர்த்தமும் இல்ல.”

விதி பிறந்துவிட்டது. முகப்பொருத்தம் செல்லாது, சாதகப் பொருத்தம் மட்டுமே செல்லும். பத்துப் பொருத்தம் பார்க்கும் மரபில் வந்தவளுக்கு இது புதிதா என்ன? அட்டைகளைச் செருகும் பிளாஸ்டிக் தாளில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பைகள். ஒன்பது பேரை நிரப்புவது என்று முடிவாயிற்று. எங்களிடம் இல்லாத அட்டைகளுக்குப் பெயர் எழுதிய வெள்ளைத் தாளை வைப்பது என்பது துணைவிதி.

முதல் பையில் ஆண்ட்ரியா ஸக்கர்மன். ‘பெவர்லி ஹில்ஸ் 90210’ 1990 அக்டோபரில் தொடங்கியபோது, அந்தப் பள்ளி மாணவியாக நடித்த கேப்ரியல் கார்ட்டரிஸுக்கு வயது 29. கதையிலும் ஆண்ட்ரியா ஓர் ஆள்மாறாட்டக்காரிதான். பள்ளியின் எல்லைக்குள் வசிக்காதவள், பாட்டியின் முகவரியைக் கொடுத்துச் சேர்ந்தவள். இவளுக்கு மகன் எடுத்துவைத்த பெயர் ஔரேலியோ ரோட்ரிகஸ். 1969இல் டாப்ஸ் வெளியிட்ட அவருடைய அட்டையில் இருப்பது அவரே அல்லர். அணியில் மட்டைகளை எடுத்துக்கொடுக்கும் பையனின் படம் அது. படம் பிடித்தவரும் கவனிக்கவில்லை, அச்சிட்டவரும் கவனிக்கவில்லை. அட்டையில் பெரியவரின் இடத்தில் சிறுவன். தொடரில் சிறுமியின் இடத்தில் பெரியவர். இரண்டு பொய்களையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடுகிறது. ரோட்ரிகஸ் 1976இல் சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது பெற்றார். கார்ட்டரிஸ் 2016 முதல் 2021 வரை நடிகர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். தவறான படத்தோடு தொடங்கியவர்கள் தவறிப்போய்விடுவதில்லை.

இரண்டாம், மூன்றாம் பைகள் உடன்பிறப்புகளுக்கு. அதே தொடரின் பிராண்டன், பிரெண்டா வால்ஷ் இரட்டையர். பிராண்டன் ஒழுக்கத்தின் உருவம். ஊரார் சிக்கலையெல்லாம் தீர்த்துவைத்துவிட்டு வீட்டுப் பாடமும் எழுதிமுடிப்பான். கால் ரிப்கனைத் தவிர வேறு யாரை அவனுக்கு வைப்பது? 1982 மே மாதம் தொடங்கி 1998 செப்டம்பர் வரை ஓர் ஆட்டம்கூடத் தவறாமல், தொடர்ந்து 2632 ஆட்டங்கள் ஆடியவர். அவர் தாமாக விலகி உட்கார்ந்த அதே 1998இன் இலையுதிர்காலத்தில்தான் பிராண்டனும் தொடரைவிட்டு விலகினான் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, மகன் என்னைச் சற்று மரியாதையோடு பார்த்தான்.

பிரெண்டாவுக்குத் தம்பி பில்லி ரிப்கன். 1989இல் ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட அவருடைய அட்டையில், தோளில் சாய்த்த மட்டையின் அடிக்குமிழில் இரண்டு சொற்கள் தெளிவாகத் தெரிகின்றன. இங்கே எழுத இயலாத சொற்கள். எனக்கு அவை புரியாது என்று மகன் நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. நிறுவனம் பதறிப்போய்க் கறுப்புக் கட்டம் வைத்து மறைத்தது, கிறுக்கி மறைத்தது, வெள்ளை பூசி மறைத்தது. ஒவ்வொரு மறைப்பும் தனித்தனி அட்டையாகிச் சேகரிப்பாளர்களுக்குக் கொண்டாட்டமாயிற்று. பயிற்சி மட்டையை அடையாளம் காண்பதற்காகத் தாமே அதை எழுதியதாக பில்லி சொன்னது 2008இல், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. பன்னிரண்டு பருவங்கள் பெரிய அணிகளில் ஆடியவரை ஊர் நினைவில் வைத்திருப்பது மட்டையின் அடியிலிருந்த இரண்டு சொற்களுக்காக. பிரெண்டாவுக்கும் அதே கதைதான். ஒரு பெண் பிடிவாதமாக இருந்தாள், தகப்பனை எதிர்த்துப் பேசினாள், காதலனுக்காக அழுதாள். அதற்காக அவளை வெறுப்பதற்கென்றே 1993இல் செய்திமடல் ஒன்று வெளிவந்தது. 1994இல் அவளை லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வீட்டில் அண்ணன்மார் செய்த பிடிவாதத்துக்குக் கொள்கை என்று பெயர்.

நான்காவது பை ‘தி ஓ.சி.’ தொடரின் ரையன் அட்வுட்டுக்கு. இதில்தான் எங்கள் ஆய்வு தன் உச்சத்தைத் தொட்டது. 1989இல் புதிதாகத் தொடங்கிய அப்பர் டெக் நிறுவனம் தன் முதல் தொகுப்பின் முதல் எண்ணைப் பத்தொன்பது வயது கென் கிரிஃபி ஜூனியருக்குக் கொடுத்தது. அவர் அதுவரை சியாட்டில் அணிக்காக ஆடியதில்லை. அந்தச் சீருடையில் தோதான படமும் இல்லை. ஆகவே சான் பெர்னார்டினோ என்ற ஊரின் சிறிய அணிக்கு அவர் ஆடியபோது எடுத்த படத்தில் தொப்பியின் நிறத்தை மாற்றி சியாட்டில் தொப்பியாக்கினார்கள். ரையனோ சீனோ என்ற ஊரிலிருந்து வந்தவன். சட்டச் சிக்கலில் மாட்டிக்கொண்ட அவனை ஒரு வழக்கறிஞர் நியூபோர்ட் பீச்சின் மாளிகைக்கு அழைத்து வருகிறார். கோட்டும் டையும் மாட்டி விருந்துக்கு அனுப்புகிறார்கள். நிலப்படத்தை விரித்துப் பார்த்தோம். சீனோ இருப்பது சான் பெர்னார்டினோ மாவட்டத்தில்! ஒரே மாவட்டத்திலிருந்து இரண்டு பையன்களைத் தூக்கி வந்து, தலைக்கு மேல் வேறு நிறம் பூசி, “நீ இனிமேல் இந்த ஊர்” என்று சொல்லியிருக்கிறார்கள். கிரிஃபி 630 ஹோம் ரன்கள் அடித்து 2016இல் புகழ்மன்றத்துக்குள் நுழைந்தார். ரையன் கட்டடக் கலைஞனானான். வண்ணம் நிலைத்துவிட்டது. அடியிலிருந்த நிறம் எங்கே போயிற்று என்று கேட்பது என்னைப் போன்ற குடிபெயர்ந்தவர்களின் வேலை.

ஐந்தாவதும் ஆறாவதும் சேர்ந்தே வருபவை. 1990இல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் முதல் உரிமை அட்லாண்டா அணிக்கு இருந்தது. எல்லாரும் விரும்பியது டாட் வான் பாப்பல் என்ற டெக்ஸாஸ் பையனை. வேகமாகப் பந்தெறிபவர். அட்லாண்டாவுக்கு வருவதில் அவருக்கு விருப்பமில்லை; கல்லூரிக்குப் போவதாகச் சொன்னார். அவர்கள் வேறு வழியின்றி சிப்பர் ஜோன்ஸ் என்பவரை எடுத்தார்கள். பின்னர் வான் பாப்பல் ஓக்லண்ட் அணியோடு 12 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமானார். அவருடைய அட்டைகளைப் பிள்ளைகள் பத்திரப்படுத்தினார்கள், கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று. அவர் 40 ஆட்டங்களில் வென்றார், 52இல் தோற்றார். வேறு வழியின்றி எடுக்கப்பட்ட சிப்பர் ஜோன்ஸ் அட்லாண்டாவுக்காகவே 19 பருவங்கள் ஆடி, 2018இல் புகழ்மன்றம் சேர்ந்தார்.

‘டாசன்ஸ் க்ரீக்’ பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. தொடரின் பெயரே டாசனுடையது. ஓடை அவனுடையது. ஏணி வைத்து ஏறிவரும் சன்னல்கூட அவனுடையதுதான். ஆனால் பக்கத்திலேயே இருந்த ஜோயியை அவன் உரிய நேரத்தில் பார்க்கவில்லை. ஊரார் உதவாக்கரை என்று ஒதுக்கிய பேஸி பார்த்தான். 2003 மே மாதம் ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தை எழுதத் திரும்பி வந்த கெவின் வில்லியம்சன், தாம் உருவாக்கிய நாயகனைவிட்டுவிட்டு ஜோயியைப் பேஸியிடம் சேர்த்தார். நான் அன்றிரவு டாசனுக்காக வருத்தப்பட்டேன். மகனோ இப்போது வான் பாப்பலுக்காக வாதாடினான். “பதினொரு சீசன் ஆடியிருக்காரும்மா. அதுக்குப் பேரு தோல்வியா? எங்க ஸ்கூல்ல இருந்து ஒருத்தர்கூட பதினோரு நாள் ஆடினதில்ல.” அவன் குரலில் இருந்தது அட்டையைப் பற்றியது மட்டுமல்ல என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் பேஸியைப் பைக்குள் செருகினேன்.

ஏழாவது பையில் சிரிப்புக்கு இடமில்லை. ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ தொடரின் முதல் அத்தியாயத்திலேயே, டெக்ஸாஸின் நம்பிக்கை நட்சத்திரமான ஜேசன் ஸ்ட்ரீட் களத்தில் விழுகிறான், தண்டுவடம் முறிகிறது. அவனுக்கு இணை பிரையன் டெய்லர். 1991இல் நாட்டிலேயே முதல் ஆளாக நியூயார்க் யாங்கீஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட இடதுகைப் பந்தெறிபவர். வான் பாப்பலுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத் தன் பிள்ளைக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று அவருடைய தாய் கேட்டார். விடாமல் கேட்டு 15.5 லட்சம் டாலர் பெற்றுத் தந்தார். 1992இன் டாப்ஸ் அட்டையில் முகத்தில் இன்னும் குழந்தைத்தனம் இருக்கிறது. 1993 டிசம்பரில், சகோதரருக்காக ஒரு கைகலப்பில் இறங்கியபோது அந்த இடதுதோள் கிழிந்தது. பெரிய அணிகளில் ஓர் ஆட்டம்கூட அவரால் ஆட முடியவில்லை. எங்கள் பெட்டியில் இந்த அட்டை மூன்று பிரதிகள் இருந்தன. யாரோ ஒரு சிறுவன் அதில் மூன்று மடங்கு நம்பிக்கை வைத்திருக்கிறான். தொடரில் ஜேசன் சக்கர நாற்காலியோடு நியூயார்க் போய் வேலை தேடிக்கொள்கிறான். கதை எழுதுபவர்களுக்கு அந்த வசதி இருக்கிறது. அந்தத் தாயை நினைத்துக்கொண்டு நான் மூன்று பிரதிகளையும் ஒரே பையில் வைத்தேன்.

எட்டாவது பைக்கு வரும்போது பகை மூண்டது. 1976இல் டெட்ராய்ட் அணிக்கு வந்த மார்க் ஃபிட்ரிச் எறிவதற்கு முன் பந்தோடு பேசுவார். மண்டியிட்டு எறிமேட்டு மண்ணைக் கையால் தட்டிச் சரிசெய்வார். சுருட்டை முடி. நெடுநெடுவென்ற உடல். ஊரே அவர்மேல் பித்தாயிற்று. அந்த ஒரே பருவத்தில் 19 வெற்றிகள். அடுத்த ஆண்டு முழங்கால், பிறகு தோள். 1980இல் எல்லாம் முடிந்தது. மகன் இவரை ‘தி ஓ.சி.’யின் ஸெத் கோஹனுக்குக் கொடுத்தான். ஸெத் தன் பிளாஸ்டிக் குதிரையோடு பேசுபவன், தலைமுடியும் அதேதான். முடியைச் சொன்னதும் நான் பாய்ந்தேன். முகப்பொருத்தம் செல்லாது என்றது யார்? ஃபிட்ரிச் எனக்கு ஏஞ்சலா சேஸுக்கு வேண்டும். ‘மை ஸோ-கால்ட் லைஃப்’ 1994 ஆகஸ்டில் தொடங்கி 1995 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஒரே பருவம். மொத்தம் எத்தனை அத்தியாயம் தெரியுமா? 19.

அவன் வெகுநேரம் பேசவில்லை. எழுந்து போய்ச் சாப்பிட்டான். திரும்பி வந்து ஒரு சமரசத் திட்டத்தை முன்வைத்தான். “ஏஞ்சலாவுக்கு ஹோனஸ் வாக்னர வச்சுக்கோம்மா.” 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த தொகுப்பில் வாக்னர் தம் அட்டையை அச்சிட வேண்டாமென்று நிறுத்தச் சொன்னார். இன்று அறுபது போலத்தான் மிஞ்சியிருக்கின்றன. 2021இல் ஒன்று 66 லட்சம் டாலருக்கு விலைபோனது. பாதியில் நின்றதனாலேயே விலைமதிப்பற்றுப் போனது என்ற பொருத்தத்தை என்னால் மறுக்க முடியவில்லை. ஸெத்துக்கு ஃபிட்ரிச் கிடைத்தார். ஏஞ்சலாவுக்கு அடுத்த தாளில் ஒரு பை ஒதுக்கினோம். அது காலியாகவே இருக்கும். எங்கள் வீட்டை விற்றாலும் அந்த அட்டை வராது.

ஒன்பதாவது, ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடரின் பில் ஹாவர்சக். தடித்த கண்ணாடி, ஒடிசலான உடம்பு. உடற்பயிற்சி வகுப்பில் பேஸ்பால் ஆட ஆள்பிரிக்கும்போது எப்போதும் கடைசியில் நிற்பவன். அத்தொடரில் ஓர் அத்தியாயம் அந்தக் கடைசி இடத்தைப் பற்றியும் பேசுகிறது. அவனுக்கு மகன் உடனே சொன்ன பெயர் பாப் யூக்கர். ஆறு பருவங்கள் ஆடி .200 என்ற பரிதாபமான சராசரி வைத்திருந்தவர். வலதுகை ஆட்டக்காரரான அவர் 1965இன் அட்டைக்காக இடதுகைக்காரரைப் போல மட்டையைப் பிடித்து நின்று படமெடுப்பவரை ஏமாற்றினார். ஓய்வுக்குப் பின் தம் மோசமான ஆட்டத்தையே நகைச்சுவையாக்கினார். 1971 முதல் 2024 வரை மில்வாக்கி அணியின் வானொலி வர்ணனையாளராக இருந்தார். 2025 ஜனவரியில், தொண்ணூறு வயதில் அவர் மறைந்தபோது அந்த ஊர் தன் வீட்டு மனிதரை இழந்ததைப் போல அழுதது. ஆடத் தெரியாதவருக்கும் ஆட்டத்துக்குள் இடம் உண்டு என்பதை மகன் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கம் நிறைந்தது. ஆனால் பெட்டி காலியாகவில்லை. ஒன்பது பேரைக் கழித்தால் இன்னும் எண்ணூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். சந்தையில் இவர்களுக்கு ஒரே பெயர்தான்: காமன். சாதாரணர் என்று பொருள். நட்சத்திரம் அல்லாத, கதையில்லாத, பிழையாக அச்சாகும் பாக்கியமும் வாய்க்காத ஆட்டக்காரர்கள். பதின்வயதுத் தொடர்களிலும் இவர்கள் உண்டு. நாயகி அழுதுகொண்டே நடக்கும் தாழ்வாரத்தில் புத்தகத்தோடு குறுக்கே போகிறவர்கள். மூன்றாம் வரிசையில் அமர்ந்து பத்து ஆண்டுகள் ஒரு வசனமும் பேசாதவர்கள். “நான் இதுல எங்கேன்னு எனக்குத் தெரியும்” என்றான் மகன், பெட்டியைக் காட்டி. சாதாரணமாகத்தான் சொன்னான்.

இதற்குப் பதில் சொல்ல எல்லாத் தொடர்களிலும் ஒரு காட்சி வைத்திருப்பார்கள். தாய் மகனின் கட்டில் விளிம்பில் அமர்வாள், பியானோ ஒலிக்கும். எங்கள் வீட்டில் பியானோ இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அதுவும் அவனிடமிருந்தே கற்றது. 1952இன் டாப்ஸ் தொகுப்பில் மிக்கி மேண்டில் அட்டை 2022இல் 126 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த விலை எப்படி வந்தது? அந்தத் தொகுப்பை வடிவமைத்த ஸை பெர்கர் என்பவரே, விற்காமல் தேங்கிக் கிடந்த பெட்டிகளை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்தார். மேண்டில்களும் அவற்றில் இருந்தன. விலை என்பது முகத்தில் இல்லை, எத்தனை பேர் கடலுக்குப் போனார்கள் என்ற கணக்கில் இருக்கிறது. “அப்ப எண்ணூறு பேர் கரையில நிக்கறது நல்லதுதானே?” என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியை மூடவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவனே தேடி ஓர் அட்டையை எடுத்து என் முன் வைத்தான். அதில் ஆட்டக்காரர் யாரும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறு கட்டமும். சரிபார்ப்பு அட்டை. எந்த அட்டை கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று குறித்துக்கொள்வதற்காகப் பொட்டலத்தில் வருவது. அதைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். குறிக்கப்படாத பழைய சரிபார்ப்பு அட்டைக்குச் சந்தையில் விலை உண்டு. குறித்துவிட்டால் மதிப்புப் போய்விடும். எங்கள் அட்டையில் அந்தப் பெரியவரின் வீட்டுப் பிள்ளை யாரோ பென்சிலால் பாதிக்கு மேல் குறித்திருந்தது.

“இது நீ” என்றான்.

“ஏன்டா?”

“எங்கூட யார் யார் இருக்காங்க, யாரக் காணோம்னு எண்ணிக்கிட்டே இருக்கிறது நீதானே.”

பெவர்லி ஹில்ஸின் சின்டி வால்ஷ், நியூபோர்ட்டின் கிர்ஸ்டன் கோஹன் என்று எத்தனையோ அழகான தாய்மார்களை எனக்காக மனத்தில் வைத்திருந்தேன். அவர்களில் ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை. பென்சில் கீறல் விழுந்த, விலைபோகாத, பெயர்கள் மட்டுமே உள்ள ஓர் அட்டை கிடைத்தது. இரண்டாம் தாளில், ஏஞ்சலாவின் காலிப் பைக்கு அடுத்து அது இருக்கிறது.

அதன்பின் விளையாட்டு தன் போக்கை மாற்றிக்கொண்டது. மகன் பொருத்தம் பார்ப்பதை விட்டுவிட்டு, 1987இன் டாப்ஸ் தொகுப்பை எண்வரிசைப்படி அடுக்கத் தொடங்கினான். மரப்பலகை போன்ற ஓரம் கொண்ட அழகிய தொகுப்பு; மொத்தம் 792 அட்டைகள். அதில் நட்சத்திரங்கள் முப்பது நாற்பது தேறினால் அதிகம். மற்றவர் எல்லாரும் காமன். ஆனால் தொகுப்பு என்று வந்துவிட்டால் 791ஐ வைத்துக்கொண்டு நிறைவு என்று சொல்ல முடியாது. எந்த ஒருவர் இல்லாவிட்டாலும் அவருடைய இடம் பிளாஸ்டிக் தாளில் ஓட்டையாகத் தெரியும். மாலையில் அவன் ஒவ்வொருவர் பெயராக வாசிக்க, நான் பென்சிலால் குறிக்கிறேன். இடையிடையே பள்ளியைப் பற்றி, நண்பர்களைப் பற்றி, போன வாரம் தெருப்பையன்களோடு பூங்காவில் ஆடியதைப் பற்றியும் சொல்கிறான். கையுறை மேல்தட்டிலிருந்து எப்போது இறங்கியது என்று நான் கேட்கவில்லை.

இன்னும் 41 அட்டைகள் வேண்டும். அவற்றில் 38 காமன். இணையத்தில் தேடினால் அட்டையின் விலையைவிடத் தபால்செலவு அதிகமாக இருக்கிறது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டாக வரவழைத்துக்கொண்டிருக்கிறோம்.